துபாய் வழியாக வந்த இருமல்

வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கும் உங்கள் அறையைப் போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்கள். ஏசி, பெரிய திரை, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, எல்லாம் ஜோராக இருந்தது. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருவரை, மன்னார்புரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பார்த்து மருந்து எழுதினார் உங்களில் ஒருவர். முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "மேடம், உங்க காலத்துல இப்படியெல்லாம் வரும்னு நெனச்சாவது பாத்திருப்பீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மழுப்பிவிட்டு வந்தது போல இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்துப் படிக்க வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆளைத் தொடாமல் வைத்தியம் பார்ப்பது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நாங்கள் தபாலில் பார்த்தோம். எங்களுக்கு முன்னாலும் பார்த்திருக்கிறார்கள். கப்பலில் தபால் போன காலத்தில், நம் ஊர் கண்டோன்மெண்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் வயிற்று வலியைப் பக்கம் பக்கமாக வர்ணித்துச் சீமையிலிருந்த குடும்ப டாக்டருக்கு அனுப்பிவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதில் வந்து சேரும்போது வலி போயிருக்கும், இல்லையென்றால் ஆள் போயிருப்பார். வந்த பதிலை யார் பிரித்துப் படித்திருப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்திருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

நான் டாக்டராக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அங்கே எங்கள் பெரிய டாக்டருக்கு வாரா வாரம் ஒரு கூடை நிறையக் கடிதம் வரும். லால்குடி, முசிறி, மணப்பாறை என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வருவது பாதி. இங்கிருந்து சம்பாதிக்கப் போனவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதுவது மீதி. பெரிய டாக்டரின் கையெழுத்தை மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. என் தமிழ் எழுத்து பார்க்கும்படியாக இருக்கும் என்று யாரோ போட்டுக்கொடுக்க, கூடை என் தலையில் கட்டப்பட்டது.

அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட வியாதியில் ஆரம்பித்ததில்லை. "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் ஆரம்பிக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் நலம் என்றுதான் எழுதுவார். அது மரியாதை. பிறகு மழை எப்படி, நடவு எப்படி என்று விசாரணை நடக்கும். கடைசி மூலையில் இடம் மிச்சமிருந்தால், சிறுநீரில் ரத்தம் போவது பற்றி ஒரு வரி இருக்கும். அதையும் வியாதிக்காரர் எழுத மாட்டார். மாமனாருக்காக மருமகன் எழுதுவார், மனைவிக்காகக் கணவர் எழுதுவார். தனக்கே வந்ததாக இருந்தால் "என் நண்பர் ஒருவருக்கு" என்று எழுதுவார். முசிறிக்காரர் ஒருவர் நண்பரின் மூல வியாதியைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, "உட்கார்ந்து எழுத முடியாததால் எழுத்து கோணலாக உள்ளது, மன்னிக்கவும்" என்று முடித்திருந்தார்.

பெரிய டாக்டர் எனக்கு இரண்டே கட்டளைகள் போட்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதே, ஒரு கேள்வி போய்ப் பதில் வர மாதமாகிவிடும், ஆளைக் கூட்டிவரச் சொல்லி உத்தரவு போடு என்பது ஒன்று. எந்தக் காரணம் கொண்டும் உன் வீட்டு முகவரியை எழுதாதே, ஜில்லாவே வாசலில் வந்து நிற்கும் என்பது இன்னொன்று. மோசமான மனிதர் இல்லை அவர். இரண்டுமே அனுபவப்பட்டுச் சொன்னவைதான்.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஒரு கார்த்திகை மாதம் துபாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெல்டர். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு அக்கரைக்குப் போனவர். சொந்த ஊர் லால்குடி தாண்டி உள்ளே. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி முழுகாமல் இருக்கிறாள், ஆனால் இருமல் நிற்கவே இல்லை, அசதியாக இருக்கிறாளாம், நல்ல டானிக் ஒன்றின் பெயர் எழுதினால் இங்கேயே வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். முத்து முத்தான எழுத்து. மனைவியின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. "என் வீட்டில்" என்றே எழுதியிருந்தார்.

அந்தப் பெண் இருந்த ஊரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவளுடைய இருமல் அங்கிருந்து கடல் தாண்டி துபாய்க்குப் போய், அங்கிருந்து வேறொரு உறையில் ஏறித் திரும்பவும் கடல் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. இதைப் படித்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அப்போது அது விசித்திரமாகவே படவில்லை, எங்கள் கூடையில் பாதி அப்படித்தான் வந்தது. புதிதாக வாழ வந்த பெண் தன் உடம்பைப் பற்றிப் புருஷனிடம்தான் சொல்ல முடியும். புருஷன் எங்கே இருக்கிறானோ அங்கே போய்விட்டுத்தான் செய்தி வரும்.

டானிக் வேண்டாம், இருமலை நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, உடனே இங்கே அனுப்புங்கள் என்று பதில் எழுதினேன். கட்டளையை மீறி ஒரு கேள்வியும் கேட்டேன். நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்டிருந்தேன். கேட்காமல் விட்டுவிட்டேன் என்று நீங்கள் பின்னால் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மார்கழியில் பதில் வந்தது. மூச்சுத் திணறல் என்று அவள் எதுவும் எழுதவில்லை என்றார். அப்பாவுக்குச் சொல்லி எழுதியிருக்கிறேன், ஆனால் அங்கிருந்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அம்மாவோ வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார்களாம், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். இருமல் அதிகமாகியிருந்தது. காலில் வீக்கம் வேறு.

எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. இரத்தக் குறைவாக இருக்கலாம், காசமாக இருக்கலாம், இருதயமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நேராக அந்த வீட்டுக்கே எழுதிவிடலாம் என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். மருமகள் புருஷனுக்குக் கோள் சொல்லி டாக்டர் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள் என்று பேர் வந்தால், அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் எழுதவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் வீடே கூடிப் பேசும். கோயிலுக்குப் போக யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அதுவும் பிள்ளைத்தாய்ச்சி பெருமாளைப் பார்க்க வேண்டும் என்றால் அனுப்பித்தான் வைப்பார்கள். நான் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். ஆகவே வெல்டருக்கு எழுதினேன். பெருமாள் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொல்லுங்கள், நாளும் நேரமும் இடமும் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டு முகவரி எழுதவில்லை. அந்தக் கட்டளையை மட்டும் மீறவில்லை.

அவர் சொன்னபடி செய்தார். ஒரே நாளில் இரண்டு கடிதம் போட்டார், மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பொங்கல் கழித்து வரும் சனிக்கிழமை காலையில், ரங்கா ரங்கா கோபுர வாசலில், அவருடைய அக்காவும் மனைவியும் காத்திருப்பார்கள், மனைவி பச்சைச் சேலை கட்டியிருப்பாள் என்று எனக்கு எழுதியிருந்தார். மனைவிக்குப் போட்டது பொங்கலுக்கு முன்பே கிராமத்துக்குப் போய்விட்டது. எனக்குப் போட்டது வருவதற்குள் போகியும் பொங்கலும் மாட்டுப் பொங்கலுமாக விடுமுறை வந்து, தபால் தேங்கி, எங்கள் ஆபீசும் பூட்டி, திங்கட்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தது.

நின்றபடியே படித்தேன். அந்தச் சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வீட்டில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டிலிருந்து அந்தக் கோபுர வாசலுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தாயார் சன்னிதிக்குப் போகலாமா என்று நினைத்து, பொங்கல் கூட்டமாக இருக்கும் என்று சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது, போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அந்த வாசலுக்குப் போனேன். பூக்கடை அம்மாளிடம் கேட்டேன். பச்சைச் சேலையில் ஒரு பெண், மாசமாக இருந்தாள், சனிக்கிழமை வெயில் சாய்கிற வரைக்கும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்றாள். கூட வந்தவள், கண்ணாடி போட்ட பெண்பிள்ளை யார் போனாலும் எழுந்து போய், நீங்கள் டாக்டரா என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். பூக்கட்டுகிறவர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினேன். வம்பு வந்தால் வரட்டும், அந்தப் பெண்ணுக்குப் பேர் கெட்டாலும் கெடட்டும், உயிர் இருந்தால் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இந்த முடிவுக்கு முன்னமே வந்திருக்கலாம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து நீங்கள் பார்க்கிற நோயாளிகளில் யார் வீட்டுக்காவது நீங்கள் பஸ் ஏறிப் போயிருந்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.

லால்குடியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போனேன். ஊர் முகப்பிலிருந்த டீக்கடையில், துபாயில் மகன் இருக்கிற வீடு எது என்று விசாரித்தேன். துஷ்டி கேட்க வந்தீங்களா என்றார் கடைக்காரர். நேற்றுதான் எடுத்தார்கள் என்றார். மருமகப் பெண் என்றும் சொன்னார், நான் கேட்காமலே.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். கால் வீட்டைப் பார்த்துத்தான் போயிற்று. வாசலில் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் இன்னார், உங்கள் மகன் எனக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எம் மவன் உங்களுக்கு எழுதினானா?" என்று கேட்டார். "எங்களுக்கு ஒண்ணுமே எழுதலையேங்க. எல்லாரும் ஒடம்பப் பாத்துக்கங்கன்னு எழுதுவான். அது எப்பவும் எழுதறதுதானே. இந்தப் புள்ளைக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னிக்கே வண்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டனா?"

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அப்பாவுக்கு எழுதிவிட்டேன் என்று மகன் என்னிடம் சொன்னதும் பொய் இல்லை. பெண்டாட்டியைப் பற்றித் தகப்பனாருக்கு எப்படி எழுதுவது? கூச்சம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு, அந்த எல்லோருக்குள் அவளை வைத்து அனுப்பியிருக்கிறார். தகப்பனார் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். இந்த வீட்டில் கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

நாத்தனார்தான் எல்லாம் சொன்னாள். வாழ்க்கை சரியில்லாமல் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள், தம்பி மனைவி மேல் உயிராக இருந்தவள். சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்கு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பியபோதே நடக்க முடியவில்லையாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்து, வாயில் ரோஸ் கலரில் நுரை தள்ளி, கார் பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டதாம். வயிற்றில் இருந்ததும் சேர்ந்து போயிற்று. கடைசியில் நாத்தனார் சொன்னாள், "படுத்தா இருமல் வந்துரும் டாக்டரம்மா. ரெண்டு மாசமா நெல்லு மூட்டையில சாஞ்சு உக்காந்துதான் தூங்குவா. புள்ள மேல ஏறி நிக்குது, அதான் அப்படின்னு அம்மா சொன்னாங்க."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சலால் இருதயத்தின் வால்வு சுருங்கியிருந்திருக்கிறது. கர்ப்பம் ஏற ஏற நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டே வந்திருக்கிறது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்ற ஒரு வரி மட்டும் எனக்கு வந்திருந்தால், கார்த்திகையிலேயே ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு நானே போயிருப்பேன். அப்போதே மாத்திரை இருந்தது. மெட்ராஸில் ஆபரேஷன் இருந்தது. நான் கேட்டது மூச்சுத் திணறல் உண்டா என்று. திணறல் என்பது நம் வார்த்தை. அவள் அந்த வார்த்தையை எங்கே கண்டாள்? இப்போதும் உங்களில் யாராவது அந்த வார்த்தையை ஒலிவாங்கியில் சொல்லி, எதிர்ப்பக்கம் தலையாட்டியதும் இல்லை என்று குறித்துக்கொள்வதைப் பார்க்கும்போது படுத்தால் தூங்க முடிகிறதா என்று கேளுங்கள் என்று குறுக்கே புகத் தோன்றுகிறது.

நான் கிளம்பும்போது மாமனார் ஊர் எல்லை வரைக்கும் கூட வந்தார். அவனுக்கு எதுவும் எழுதிவிடாதீங்க என்றார். தந்தி கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை என்றார். "அங்க ஒத்தையா கெடக்கான். ஏதாவது பண்ணிக்கிட்டான்னா அதையும் நாங்கதானே பாக்கணும். லீவுல வரட்டும், மடியில போட்டுக்கிட்டுச் சொல்லிக்கிறோம்." நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் வெல்டரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. சனிக்கிழமை பார்த்தீர்களா, என்ன சொன்னீர்கள், அவளிடமிருந்து பொங்கலுக்குப் பிறகு கடிதமே காணோம், நீங்களாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார். பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நம்ம பேஷண்ட் போயாச்சும்மா. இனிமே இது அவங்க குடும்பத்து விஷயம். பதில் போடாத" என்றார். பதில் போடாமல் இருப்பதும் ஒரு பதில்தான், அதை அவர் எப்படிப் படிப்பார் என்று தெரியாதே என்றேன். பெரிய டாக்டர் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நம் தொழிலில் மருந்தைத் தீர்மானிப்பது பெரிய காரியமே இல்லை. புத்தகத்தில் இருக்கிறது. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? உண்மையை எழுதினால், ஒரே அறையில் பத்துப் பேர் படுத்திருக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்து அவர் அதைப் படிப்பார், தகப்பனார் பயந்தது நடந்தாலும் நடக்கும். பார்த்தேன், நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நான் டாக்டரே இல்லை. மூன்று நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாவை மட்டும் தபாலில் அனுப்பக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்தேன். உங்கள் மனைவி விஷயமாக நேரில் பேச வேண்டும், லீவு கேட்டுக்கொண்டு புறப்படுங்கள், ஊருக்குப் போகுமுன் என்னை வந்து பாருங்கள் என்று எழுதி, ஸ்ரீரங்கத்து வீட்டு முகவரியையும் இந்தத் தடவை எழுதினேன். செய்தது சரியா என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷத்தில் நானே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில் வந்தார். வீட்டுக்கு வரவில்லை, மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து மன்னார்புரத்தில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கயிறு சுற்றிய பெட்டி ஒன்று, கையில் ஒரு பை. நான் நினைத்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பிவிட்டு, "எந்த வார்டுங்க மேடம்?" என்று கேட்டார். நான் அவளை அட்மிட் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதனால்தான் அவளால் கடிதம் எழுத முடியவில்லை என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கோபுர வாசலில் அவள் காத்திருந்ததையும், அவர் எனக்குப் போட்ட கடிதம் திங்கட்கிழமைதான் வந்ததையும் சொன்னேன். அவர் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவளுக்கு என்ன வியாதி என்று கேட்டார்.

துக்கத்தில் இருப்பவரிடம் வியாதியை விளக்கினால் அவர் மனம் அதில் கொஞ்சம் ஒதுங்கும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். இருதயத்தில் ஒரு கதவு இருக்கிறது, அது சுருங்கிவிட்டால் ரத்தம் பின்னால் தேங்கும், படுத்தால் மூச்சு அடைக்கும், அதனால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தேதான் இருக்க முடியும் என்று பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.

"உக்காந்தேவா?" என்று கேட்டு நிமிர்ந்தார்.

ஆமாம் என்றேன்.

"எழுதினாங்க மேடம். தொடர்ந்து மூணு லெட்டர்ல எழுதினா. ராத்திரி படுக்கவே முடியல, செவுத்துல சாஞ்சு உக்காந்தே விடியுதுன்னு." சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. அந்த நிலைமையிலும் அவருக்குக் கூச்சம் வந்தது. "நான் அது... என்னைய நெனச்சுக்கிட்டுன்னு நெனச்சேன். கல்யாணமாகி மூணு மாசத்துல போயிட்டேன் இல்லீங்களா. அதையெல்லாம் ஒரு லேடி டாக்டருக்கு எழுதறது முறையில்லன்னு விட்டுட்டேன்."

கேட்ட கேள்விக்கு அவர் உண்மையாகத்தான் பதில் எழுதியிருந்தார். திணறல் என்று அவள் எழுதவில்லைதான்.

"அதுக்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுங்களா?" என்றார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு, நானும் தூங்கறதே இல்லைன்னு எழுதினேன். அதுக்கப்புறம் அவ அதப்பத்தி எழுதவே இல்லீங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று, அத்தனை வருஷம் ஏறி இறங்கிய லால்குடி பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டார்.